பித்தளையைப் பிரிக்க வேண்டாம்

கதாசிரியரும் என் மனைவியின் ஒரே தம்பியுமாகிய அன்பு மாப்பிள்ளைக்கு, வாஷிங் மெஷின், மிக்ஸி, ஃபேன் வகையறாக்களைப் பழுது பார்த்துப் பிழைக்கும் உங்கள் அத்தான் எழுதிக்கொண்டது.

இங்கு நானும் உங்கள் அக்காவும் கடையில் ரிப்பேருக்கு வந்து கிடக்கும் நாற்பத்தோரு சாமான்களும் சௌக்கியம். உங்கள் அப்பாவை இந்தப் பட்டியலில் சேர்க்காததற்குக் காரணம் உண்டு, இந்தக் கடிதமே அதைப் பற்றியதுதான். அங்கு தாங்களும், தங்கள் பேனாவும், எழுதும் நேரத்தில் தாங்கள் அணைத்து வைத்துவிடும் அந்தக் கைப்பேசியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பதினோரு தடவை கூப்பிட்டுப் பார்த்து அலுத்துப் போய்த்தான் காகிதத்தை எடுத்தேன். ஸ்க்ரூ டிரைவர் பிடித்த கைக்குப் பேனா அடங்க மாட்டேன் என்கிறது. ஒவ்வொரு எழுத்தும் மிக்ஸி மூடி அளவுக்கு விழுகிறது. பொறுத்துக்கொள்ளவும்.

நிற்க. தாங்கள் புனைபெயரில் வாரப் பத்திரிகையில் எழுதிவரும் தொடர்கதையில், பித்தளை என்கிற அந்த ரோபோவை வருகிற சனிக்கிழமை இதழில் தயவுசெய்து பிரித்துப் போட வேண்டாம். பிரித்துப் போட்டால் அதற்கடுத்த திங்கட்கிழமை உங்கள் அப்பா ஆபரேஷனுக்கு வர மாட்டார். வராவிட்டால் அவருடைய இதயம் எந்த நிமிஷம் வேண்டுமானாலும் நின்று போகலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். இது என் கற்பனை இல்லை. கற்பனை எனக்கு எந்த லட்சணத்தில் வரும் என்பதற்கு இந்தக் கடிதத்திலேயே பின்னால் அத்தாட்சி இருக்கிறது.

முதலில் இருந்து சொல்கிறேன். தெரிந்த கதையை உங்களுக்கே திருப்பிச் சொல்வதற்குக் கோபித்துக்கொள்ளக் கூடாது. எதையும் பிரித்து வரிசையாகத் தரையில் பரப்பினால்தான் எனக்குத் திரும்ப மாட்ட வரும். ஆறு வருஷத்துக்கு முன்னால், உங்கள் அப்பா பஸ் டெப்போவில் டைம்கீப்பராக இருந்தபோது, கெஞ்சிக் கூத்தாடி உங்களை அங்கேயே கிளார்க்காகச் சேர்த்துவிட்டார். எந்த வண்டி எத்தனை நிமிஷம் லேட், ஏன் லேட் என்று ரிஜிஸ்டரில் எழுதுவது உங்கள் வேலை. பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. நீங்கள் என்ன பண்ணினீர்கள்? 'தாமதத்துக்குக் காரணம்' என்கிற கட்டத்தில், "பதினேழாம் நம்பர் வண்டிக்கு இன்று மனசு சரியில்லை. மேட்டில் ஏறும்போது நின்று கொஞ்ச நேரம் யோசித்தது" என்று எழுதி வைத்தீர்கள். பெற்ற பிள்ளை எழுதியதாயிற்றே என்று அவரும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். பெரிய அதிகாரி வந்தவர் அதை டிரைவர், கண்டக்டர் எல்லாரும் நிற்க, சத்தம் போட்டு வாசித்தாராம். முப்பத்தாறு வருஷ சர்வீஸில் மாமாவின் கையெழுத்தைப் பார்த்து நாலு பேர் சிரித்தது அந்த ஒரு நாள்தான். வேலை உங்களுக்குப் போனது. மானம் தனக்குப் போனது என்று அவர் நினைத்துக்கொண்டார். "இப்படியெல்லாம் எழுதறதா இருந்தா வேற எங்கேயாவது போய் எழுது"ன்னார், நீங்களும் அன்றைக்கே பெட்டியைத் தூக்கிட்டீங்க. அப்பனும் மகனும் ஆளுக்கொரு பிடிவாதம். நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிறது நானும் உங்கக்காவும்.

சரி, அது போகட்டும். மூணு மாசம் முன்னாடி மாமா பால் வாங்கப் போன இடத்துல, வரிசையில நின்னவர் அப்படியே சரிஞ்சு உக்காந்துட்டார். கண்ணைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி "மணி என்ன?" பக்கத்துல இருந்தவங்க சொன்னதும் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "மூணு நிமிஷம் எங்கே போச்சு?"ன்னு அவங்களையே அதட்டியிருக்கார். ஆஸ்பத்திரியில பார்த்தா நாடி நிமிஷத்துக்கு முப்பத்தெட்டு. சின்ன வயசு டாக்டரம்மா, பாவம், பொறுமையா எடுத்துச் சொன்னாங்க: "உங்க இதயம் அப்பப்ப நேரத்தை மறந்துடுது ஐயா. தோள்பட்டைக்குக் கீழே தீப்பெட்டி அளவுல ஒரு சின்ன மெஷின் வெச்சுட்டா அது ஞாபகப்படுத்திக்கிட்டே இருக்கும்." கேட்டாரே மாமா ஒரு கேள்வி! "முப்பத்தாறு வருஷம் இருநூறு வண்டிக்கு நான் நேரம் சொன்னேன். எனக்கு ஒரு தீப்பெட்டி நேரம் சொல்லணுமா?" சட்டையை மாட்டிக்கிட்டு எழுந்து வந்துட்டார்.

அப்பவே நான் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கணும். நமக்குத் தெரிஞ்ச விஷயமாச்சேன்னு, வீட்டுக்கு வர்ற வழியிலேயே, "மாமா, இதுல ஒண்ணுமே இல்லை, வாஷிங் மெஷின்ல டைமர் இருக்குல்ல, அதே சங்கதிதான். கெட்டுப் போனாக்கூட கழட்டிட்டு வேற மாட்டிக்கலாம்"னு விளக்கம் சொன்னேன். மனுஷர் ரெண்டு மாசம் என் முகத்தைப் பார்க்கலை. உங்கக்காகிட்ட, "உன் வீட்டுக்காரர் என்னை வாஷிங் மெஷினாக்கப் பார்க்கறார்"னு புகார். உங்கக்கா அழுதா, திட்டினா, ரெண்டு வேளை சாப்பிடாம இருந்து பார்த்தா. எதுக்கும் மசியலை. குளிக்கப் போனா கதவைத் தாழ் போடாதீங்கன்னு நாங்க வெளியே காவல் நிக்க வேண்டியதாப் போச்சு. ரெண்டாவது தடவை குளியலறையில சரிஞ்சார். கதவைத் திறந்து அவரைத் தூக்கினது நான். கைல கனமே இல்லை மாப்பிள்ளை. அன்னைக்குத்தான் எனக்கு நிஜமாவே பயம் வந்துச்சு.

இந்தச் சமயத்துலதான் உங்க தொடர்கதை. உங்கக்கா சனிக்கிழமை காலையில பத்திரிகையை வாங்கி, எழுத்து பொடியா இருக்குன்னு, அவருக்கு உரக்க வாசிச்சுக் காட்டுவா. எழுதறது யாருன்னு நாங்க மூச்சு விடலை. விட்டா பத்திரிகை வீட்டுக்குள்ளேயே வராதே! கண்ணை மூடிக்கிட்டு நாற்காலியில சாஞ்சபடி கேப்பார்.  எனக்குக் கதையில எல்லாம் நம்பிக்கை கிடையாது, சும்மா பக்கத்துல உக்காந்து மோட்டாருக்குக் காயில் கம்பி சுத்திக்கிட்டு இருப்பேன், காதுல விழும், அவ்வளவுதான். அந்த விடுதி, அதுல இருபது பேர், அவங்களை எழுப்பி, வேலைக்கு அனுப்பி, கதவு திறந்து சாத்தற பித்தளை. நெஞ்சுல பித்தளைத் தகடு அடிச்சிருக்கறதால அந்தப் பேராம், எதுக்கு வெட்டியா வெயிட்டைக் கூட்டணும்னு நான் நினைச்சுக்கிட்டேன். எதைச் சொல்றதுக்கு முன்னாடியும் மேஜை மேல மூணு தட்டு தட்டும். கடைசி ஆள் வீடு வந்து சேர்ற வரைக்கும் வாசல்லயே நிக்கும், வந்ததும் ஒரு அன்பான வார்த்தை கிடையாது, "நேரமாச்சு"ன்னு மட்டும் சொல்லிட்டு உள்ளே போயிடும். விடுதிக்காரங்க எல்லாரும் அதுக்கு மனசே கிடையாதுன்னு பேசிப்பாங்க. ஒன்பதாவது வாரம் சண்டை போட்டுக்கிட்டு விடுதியை விட்டுப் போன அந்தப் பையனுக்கு, அது தினமும் மேஜையில ஒரு சாப்பாட்டுத் தட்டு வெச்சு, யாரும் தொடாத அதே தட்டை எடுத்துக் கழுவி, மறுநாளும் வெச்சுதே, அந்தக் கட்டம் வாசிக்கும்போது உங்கக்கா பாதியில நிறுத்திட்டு பத்திரிகையை மடியில வெச்சுட்டா.  மாமா கண்ணைத் திறக்காமலேயே சொன்னார்: "தகரத்துக்குள்ள ஒரு மனசு இருக்கலாம்னா, என் மனசுக்குள்ள ஒரு தகரம் இருந்துட்டுப் போகட்டும். டாக்டரம்மாகிட்ட தேதி வாங்கு."

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு! முப்பது வருஷம் மெஷினோட குப்பை கொட்டறவன் நான் சொல்லி நடக்காதது, மெஷினைத் திறந்தே பார்த்திராத நீங்க எழுதி நடந்துடுச்சு. கதைன்னா என்னன்னு அன்னைக்குத்தான் கொஞ்சம் மரியாதை வந்துச்சு. அந்த மரியாதை ரெண்டு நாள்தான் இருந்துச்சு, ஏன்னா அதுக்கப்புறம் உங்க பித்தளை என் பிழைப்புல கை வெச்சுட்டான்.

கேளுங்க இந்தக் கூத்தை. தெருமுனை தையல்காரம்மா மெஷின் மோட்டாரைக் கொண்டு வந்தாங்க. நான் மூடியைக் கழட்டப் போனா, "கொஞ்சம் மெதுவா, வலிக்கப் போகுது"ங்கறாங்க. யாருக்கும்மா வலிக்கும்னு கேட்டா, "பத்தாவது வாரம் படிக்கலையா?"ங்கறாங்க. மாடியில குடியிருக்கற பல் டாக்டர், படிச்சவர், ஃபேனைக் கொடுத்துட்டு, "இதைத் தனியா விட்டுட்டுப் போக ஒரு மாதிரியா இருக்கு"ன்னு ஸ்டூலைப் போட்டு உக்காந்துட்டார். அவர்கிட்ட பல் பிடுங்க வந்தவங்க கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு என் கடையில வரிசை கட்டி நிக்கறாங்க! உயிர் போன மிக்ஸியில இருந்து நல்ல பாகத்தை எடுத்து வேற மிக்ஸியில போடறது எங்க தொழில்ல வழக்கம். அதுக்கும் வந்தது ஆபத்து. ஒரு அம்மா, தன்னோட பழைய மிக்ஸி மோட்டார் யார் வீட்டுக்குப் போகுது, அவங்க நல்ல மாதிரியான்னு விசாரிச்சு, ஒரு தடவை போய்ப் பார்த்துட்டும் வந்துட்டாங்க. வீட்டுல உங்கக்காவோ, எட்டு கிலோ வாஷிங் மெஷின்ல மூணு கிலோ துணிதான் போடுவா, அதுக்கு மேல போட்டா அது வாய் விட்டுச் சொல்லாதாம். மீதி அஞ்சு கிலோவை யார் துவைக்கறதுன்னு நினைக்கறீங்க? என் இடுப்பும் வாய் விட்டுச் சொல்லுது, கேக்கத்தான் ஆளில்லை.

இதுக்கு ஒரு முடிவு கட்டணும்னு போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை நான் செஞ்ச காரியம் இருக்கே, அதைச் சொல்லவே வெக்கமா இருக்கு. உங்கக்கா, மாமா, மாடி பல் டாக்டர் மூணு பேரையும் கூடத்துல உக்கார வெச்சு, எங்க வாஷிங் மெஷினை நடுவுல இழுத்துப் போட்டு, "இப்ப பாருங்க, ஒவ்வொண்ணா கழட்டறேன், மனசுன்னு ஏதாவது கிடைச்சா நான் இந்தத் தொழிலையே விட்டுடறேன்"னு சவால் விட்டேன். டிரம், பெல்ட், மோட்டார், பம்ப், டைமர், எல்லாத்தையும் பழைய பேப்பர்ல பரப்பி, பேரைச் சொல்லிச் சொல்லிக் காட்டினேன். "எங்கே மனசு? காட்டுங்க!" மூணு பேரும் குனிஞ்சு பேப்பரையே பார்த்தாங்க. ஜெயிச்சுட்டோம்னு திரும்ப மாட்டினேன். மாட்டி முடிச்சா, பேப்பர் மேல ஒரே ஒரு ஸ்க்ரூ மிச்சம். முப்பது வருஷத்துல எனக்கு ஸ்க்ரூ மிஞ்சினதே கிடையாது மாப்பிள்ளை! சமாளிச்சுக்கிட்டு சுவிட்சைப் போட்டேன். மெஷின் அசையலை. உங்கக்கா அந்த ஸ்க்ரூவைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, "அதைத்தான் எடுத்துட்டீங்க"ன்னு ஒரே வார்த்தை சொல்லிட்டு எழுந்து போயிட்டா. பல் டாக்டர் எனக்கு ஆறுதல் சொல்றார், பல்லு விஷயத்துலயும் சில சமயம் இப்படி ஆகிடுமாம். நான் நாலு தடவை திரும்பப் பிரிச்சுப் பார்த்தேன், அந்த ஸ்க்ரூவுக்கு எங்கேயும் ஓட்டையே இல்லை.

அப்ப மாமா எழுந்து வந்தார். டெப்போவுல வண்டியை விடறதுக்கு முன்னாடி பென்சிலால மேஜையை மூணு தட்டு தட்டுவாரே, அந்தப் பழக்கத்துல மெஷின் தலை மேல விரலால மூணு தட்டு தட்டி, "நேரமாச்சு, கிளம்பு"ன்னார். கிளம்பிடுச்சு! ஒயர் ஒண்ணு லூசா இருந்திருக்கும், தட்டினதுல ஒட்டிக்கிட்டிருக்கும், இதுதான் விஞ்ஞானம். ஆனா அதைக் கேட்க அந்த வீட்டுல ஆளே இல்லை. மாமா அந்த ஸ்க்ரூவை எடுத்துச் சட்டைப் பையில போட்டுக்கிட்டார். இன்னமும் அங்கேதான் இருக்கு. உங்க ரூம்ல இருக்கற சுவர்க்கடிகாரத்துக்கு அவர் தவறாம பேட்டரி மாத்தறார், தெரியுமா? ஆறு வருஷமா யாரும் நுழையாத ரூம்ல எதுக்கு மாமா கடிகாரம்னு ஒருநாள் கேட்டதுக்கு, "ஓடிக்கிட்டிருக்கறது நிக்கக் கூடாது"ன்னார். அவருக்கு இந்த மாதிரி சில விசித்திரங்கள் உண்டு, நான் பெரிசா எடுத்துக்கறதில்லை.

இப்ப தலைபோற விஷயத்துக்கு வர்றேன். போன சனிக்கிழமை நீங்க எழுதினது பதினாலாவது வாரம். புது மேனேஜர் வந்து, பித்தளை பழசாயிடுச்சு, பிரிச்சுப் பழைய இரும்புக்குப் போடுங்கன்னு உத்தரவு போட்டு, மெக்கானிக் ஸ்பேனரைக் கையில எடுத்து, பித்தளை மேஜையில மூணு தட்டு தட்டி ஏதோ சொல்ல வாயெடுக்கும்போது 'தொடரும்'னு போட்டுட்டீங்க. உங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா? உங்கக்கா பத்திரிகையை மூடிட்டு முந்தானையால முகத்தை மூடிக்கிட்டா. என் கண்ணுலயும் லேசா தண்ணி வந்தது நிஜம், அது ஈயம் உருக்கற சால்டரிங் புகை. அன்னைக்குக் கடையே திறக்கலையேன்னு உங்கக்கா சொன்னா நம்பாதீங்க. மாமா மட்டும் எழுந்து நின்னு, "அடுத்த வாரம் அதைப் பிரிச்சாங்கன்னா நான் ஆஸ்பத்திரிக்கு வரலை. பிரிச்சுப் போட ஆள் இருக்கற ஊர்ல, நான் எதுக்கு அந்தத் தீப்பெட்டியை மாட்டிக்கிட்டு நிக்கணும்?"னு சொல்லிட்டு உள்ளே போயிட்டார். அப்பவே நான் போனை எடுத்து உங்களைக் கூப்பிட ஆரம்பிச்சேன்.

நீங்க போனை எடுக்கலைன்னதும், சரி, நாமளே அடுத்த வாரத்தை எழுதிடுவோம், பத்திரிகைக்குள்ள சொருகி வெச்சு உங்கக்காவை வாசிக்கச் சொல்லிடுவோம்னு ஒரு யோசனை பண்ணினேன். சிரிக்காதீங்க. நேத்து பூராவும் உக்காந்து எழுதினேன். அதுல பித்தளை மெக்கானிக்கைப் பார்த்து, "என்னைத் திறப்பதற்கு முன் மின் இணைப்பைத் துண்டிக்கவும், ஈரக் கையால் தொட வேண்டாம்"ங்குது. உடனே மேனேஜர் மனம் திருந்தி, வருஷாந்திர சர்வீஸ் ஒப்பந்தம் போட்டுடறார். முற்றும். உங்கக்காகிட்ட வாசிக்கக் கொடுத்தேன். "என்னங்க இது, பித்தளை வாரண்டி கார்டு மாதிரி பேசுது"ன்னு திருப்பிக் கொடுத்துட்டா. நான் மேல சொன்ன அத்தாட்சி இதுதான். தைரியம் இருந்தா படிச்சுப் பாருங்க, அதையும் இத்தோட வெச்சிருக்கேன்.

ஆகையினால் மாப்பிள்ளை, கைகூப்பிக் கேட்டுக்கறேன். பித்தளையைக் காப்பாத்த என்ன வழின்னு தெரியலைன்னா தொழில்காரன் நான் சொல்றேன். ஸ்பேனர் சைஸ் சேரலைன்னு எழுதுங்க. இல்லைன்னா மெக்கானிக் நாளைக்கு வர்றேன்னு சொல்லிட்டுப் போய் வராமலே இருந்துட்டதா எழுதுங்க, உலகம் பூராவும் நம்புவாங்க. அதுவும் பிடிக்கலைன்னா, அந்த மெக்கானிக்குக்கே மனசு வரலைன்னு எழுதிடுங்க. அப்படி நடக்குமான்னு கேப்பீங்க. நடக்கும். போன வாரம் ஒரு பழைய கிரைண்டரை உடைச்சுப் பாகம் எடுக்கலாம்னு கையில எடுத்தேன். எடுத்த கை அப்படியே நின்னுடுச்சு. துடைச்சு அலமாரியில வெச்சுட்டேன். காரணம் வேற ஒண்ணும் இல்லை, அன்னைக்குக் கை வலி. விஷயம் என்னன்னா, உங்கப்பா பிழைக்கணும். நீங்க ரெண்டு பேரும் பேசிக்கறது பேசிக்காதது அப்புறம். ஆள் இருந்தாத்தானே சண்டையாவது போட முடியும்? வியாழக்கிழமைக்குள்ள அச்சுக்குப் போயிடும்னு உங்கக்கா சொல்றா. அதனால இதை இன்னைக்கு, செவ்வாய்க்கிழமையே, கூரியர்ல போடறேன். கிடைச்சதும் ஒரு வரி மாத்தி எழுதிட்டு, அந்தப் போனையும் கொஞ்சம் உயிர்ப்பிச்சு வைங்க.

மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை. தங்கள் பேனாவில் மை வற்றாமலும், தாங்கள் எழுதும் வேளையில் மின்சாரம் போகாமலும், வாசகர்கள் தங்கள் மிக்ஸியை என்னிடம் மட்டுமே கொண்டு வரும்படியும், குறைவில்லாமல் நீடூழி வாழ ஆசீர்வதிக்கிறேன். உங்கள் அக்கா தன் அன்பைத் தனியாக எழுதச் சொன்னாள். அதற்குள் அழ ஆரம்பித்துவிட்டதால் நானே இங்கே சேர்த்துவிட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் கதையில் நம்பிக்கை இல்லாத,
தங்கள் மீது நம்பிக்கை உள்ள,
அத்தான்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். கவர் வாங்கக் கடைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள, மேஜை மேல கிடந்த இந்தக் கடிதத்தை மாமா முழுசாப் படிச்சுட்டார். என் எழுத்துதான் மிக்ஸி மூடி சைஸாச்சே, கண்ணாடி கூடப் போடலையாம்! நான் உள்ளே நுழையறேன், நாற்காலியில உக்காந்து உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரிக்கறார். அவர் சிரிச்சு நான் பார்த்ததே இல்லை, ஏதோ ஆயிடுச்சுன்னு பயந்து நாடியைப் பிடிச்சுட்டேன். "எழுதறது யாருன்னு எனக்கு மூணாவது வாரமே தெரியும் மாப்பிள்ளை"ங்கறார். "அந்த மூணு தட்டு வந்ததும் தெரிஞ்சுபோச்சு. அந்த ரோபோ நான்தானே? வாசல்ல நிக்கறது, நேரமாச்சுன்னு மட்டும் சொல்லிட்டுப் போறது, எல்லாம் நான்தானே? எனக்கு மனசே கிடையாதுன்னு நினைச்சுத்தான் வீட்டை விட்டுப் போனான்னு இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டிருந்தேன். உள்ளே இருந்ததை அவன் பார்த்திருக்கான்"னார். சொல்லும்போது சிரிப்பு நின்னு குரல் உடைஞ்சுபோச்சு. முப்பது வருஷமா எதைப் பிரிச்சாலும் பாகத்தைச் சரியாச் சொல்றவன் நான். ஒரே வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டு, ரெண்டு இடத்துலயும் மூணு தட்டு கேட்டும், எனக்கு உறைக்கலையே!

ஆபரேஷனுக்கு வர மாட்டேன்னதும் சும்மாவாம். தேதி வாங்கச் சொன்ன அன்னைக்கே முடிவு பண்ணிட்டாராம். அப்படி ஒரு குண்டு போட்டாத்தான் நான் பதறியடிச்சு உங்களுக்கு எழுதுவேன்னு போட்டதாம். "நேரா கூப்பிட எனக்கு வரலை, என்ன பண்றது? பித்தளைக்கும் அது வராதே"ங்கறார். பித்தளையைப் பிரிச்சாலும் பிரிக்காட்டியும் திங்கட்கிழமை அவர் போகத்தான் போறார். அதனால கதையை உங்க இஷ்டப்படி எழுதச் சொன்னார். இந்தக் கடிதத்துக்கு இனிமே வேலையே இல்லைன்னு கிழிக்கத்தான் எடுத்தேன். அப்புறம் கிழிக்கலை. மாமாவுக்காகக் கேட்டதை வாபஸ் வாங்கிக்கறேன், ஆனா பித்தளையைப் பிரிச்சுடாதீங்க மாப்பிள்ளை. இது எனக்காக. சால்டரிங் புகையும் இல்லை, கை வலியும் இல்லை.

கடைசியா, மாமா மூணு தட்டு தட்டிட்டு எழுதச் சொன்னதை அப்படியே எழுதறேன்: "திங்கட்கிழமை காலையில எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல இருக்கச் சொல்லு. லேட்டானா காரணம் எழுதிக் கொடுக்கணும். என்ன எழுதினாலும் படிச்சுப் பார்த்தே கையெழுத்துப் போடறேன்."